பூக்காட்டை வைத்து ஏழரை லட்சம் வாங்கலாமா? பயோடெக் படிப்பும் கல்விக்கடனும்

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிகிற விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறார். வண்டி சொந்தமில்லை, நாள் கூலி. 60 சென்ட்டில் மல்லிகை போட்டிருக்கிறார்கள், பூ மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகிறது. ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்த்துச் சராசரியாக மாதம் 22,000 ரூபாய் கைக்கு வரும் என்கிறார். மகள் ஆறாவதிலிருந்து அரசு கள்ளர் பள்ளியில் படித்தவள். பிளஸ் டூவில் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப், 600க்கு 538. நீட் எழுதினாள், கிடைக்கவில்லை. மகன் இப்போது ஒன்பதாவது.

ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்திருக்கிறார். கோவைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம், பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, கட்டணமும் விடுதியும் சேர்த்து வருடத்துக்கு இரண்டரை லட்சம், மூன்று வருடத்துக்கு ஏழரை லட்சம். "முடிச்ச உடனே நாற்பதாயிரம் சம்பளம், லோனையும் நாங்களே வாங்கித் தர்றோம்" என்றாராம். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 கட்டினால்தான் சீட் நிற்கும். அந்த ஐம்பதாயிரத்தை மூணு வட்டிக்கு வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. கொழுந்தனார், "படிப்புக் கடனை யாரும் கட்டுறதில்லை, எலக்‌ஷன் வந்தா தள்ளுபடிதான்" என்கிறார். மாற்றாக மதுரையிலேயே விலங்கியல் சேர்க்கலாம், ஆனால் "சுவாலஜி படிச்சு மாடு மேய்க்கப் போறாளா" என்று ஊரில் பேசுகிறார்கள். மகளோ உயிரியல் தவிர எதுவும் வேண்டாம் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். "பூக்காட்டுப் பத்திரத்தை பேங்குல வைக்கலாமாங்கய்யா? நாளைக்குக் கல்யாணம் ஆகிட்டா அந்தக் கடன் யாரு தலையில விழும்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் அவசரமானது. வெள்ளிக்கிழமை அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். மூணு வட்டி என்றால் மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. படிப்பு தொடங்குவதற்கு முன்பே இந்தச் சுமை ஏறிவிடும். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எதையும் ஏஜென்ட் கையில் அசலாகக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018லேயே சொல்லிவிட்டது, ஏஜென்ட்டுக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? பயோடெக் சீட் இந்த வெள்ளிக்கிழமையோடு தீர்ந்துபோகிற பொருள் இல்லை. உங்களை யோசிக்க விடக் கூடாது என்பதற்காக வைத்த கெடு அது.

நான் வங்கியில் இருந்த காலத்தில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் கல்விக்கடன் கோப்புகளைத்தான் அதிகம் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு மதுரையில் பிள்ளைகளுக்கு இதே விஷயத்தில் வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல முடியும், கடன் பக்கத்திலிருந்தும் படிப்புப் பக்கத்திலிருந்தும்.

பத்திரம் தேவையில்லை, ஆனால் கடன் லேசானதும் இல்லை

நீங்கள் பயப்படுவது பத்திரத்தை நினைத்து. வங்கிகளின் கல்விக்கடன் விதிப்படி 4 லட்சம் வரை ஈடு கேட்கவே கூடாது, அம்மாவோ அப்பாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரைக்கும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி பின்னால் நிற்பதால் ஈடில்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு மேலே போனால்தான் நிலம், வீடு என்று கேட்பார்கள். ஆக, பூக்காட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் பயப்படாமல் விட்ட ஒரு விஷயம்தான் எனக்குக் கவலை. "வேலை கிடைச்ச பிறகு கட்டினாப் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை அம்மா. படிப்புக் காலம், அதற்குப் பிறகு ஒரு வருடம், அவ்வளவுதான் அவகாசம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் தேதியில் மாதத் தவணை தொடங்கிவிடும். அதுவரைக்கும் வட்டி சும்மாவும் இருக்காது. முதல் வருடம் இரண்டரை லட்சம் வாங்கிய நாளிலிருந்து அதற்கு வட்டி ஓடும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். வட்டி வங்கிக்கு வங்கி மாறும், எளிதாக இருக்கட்டும் என்று 10 சதவீதம் வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வாங்கிய 2.5 லட்சத்துக்கு நான்கு வருட வட்டி, இரண்டாவது வருடம் வாங்கியதற்கு மூன்று வருட வட்டி, மூன்றாவதுக்கு இரண்டு வருட வட்டி. தனி வட்டியாகப் போட்டாலும் 2,25,000 ரூபாய். பாப்பா முதல் தவணை கட்டுகிற அன்று கடன் ஏழரை லட்சமாக இருக்காது, 9,75,000 ஆக நிற்கும். இதை 15 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 10,500 ரூபாய், மொத்தம் கட்டுவது 18 லட்சத்து 85 ஆயிரத்தை ஒட்டி வரும். 10 வருடத்தில் முடிக்கலாம் என்றால் மாதம் கிட்டத்தட்ட 12,900. அதாவது மூன்று வருடப் படிப்புக்கு அவளுடைய முப்பத்தாறு வயது வரைக்கும் மாதம் பத்தாயிரத்துச் சொச்சம்.

தள்ளுபடி விஷயம். கொழுந்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தேர்தலிலும் இந்தப் பேச்சு வருகிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்தியவர்களைத்தான் நான் கவுன்ட்டருக்கு எதிரில் உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. ஒருவரை மறக்கவே முடியாது. சோழவந்தான் பக்கத்து விவசாயி, மகள் மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்சி. வரை வெளியூர்த் தனியார் கல்லூரியில் படித்தவள், மதுரையில் ஒரு லேபில் 11,000 சம்பளத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். அவர் மஞ்சப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்து மேஜையில் விரித்தார். எத்தனை தடவை பிரித்து மடித்தாரோ, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து நாலு துண்டாக இருந்தது, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்திக் காட்டினார். வாங்கியதைவிட பாக்கி எப்படி அதிகமாக இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. கையெழுத்துப் போட்ட அன்று இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் இருந்த அதே கிளையில்தான் அந்தக் கையெழுத்து நடந்தது.

தவணை 90 நாள் தாண்டி நின்றால் வாராக்கடன் கணக்கில் போய்விடும். சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டுகிற மதிப்பெண், பாப்பாவுக்கு மட்டும் கெடாது, கூடக் கையெழுத்துப் போட்ட உங்கள் வீட்டுக்காரருக்கும் கெடும். நாளைக்கு அவர் சொந்தமாக ஒரு வேன் எடுக்க லோன் கேட்டால் அங்கே போய் இடிக்கும். இளையவனுக்குக் கல்விக்கடன் கேட்டாலும் அதே கதைதான்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கடன் பாப்பா பெயரிலும், கூடக் கையெழுத்துப் போட்டவர் பெயரிலும்தான் இருக்கும். கல்யாணம் ஆனதால் மாப்பிள்ளைக்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் வராது. ஆனால் பெண் பார்க்கிற நேரத்தில் இந்தக் கடனை மறைத்துப் பேசாதீர்கள். மறைத்த கடன் கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்து, அதனால் வந்த சண்டைகளையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஏஜென்ட் "லோன் நாங்களே வாங்கித் தர்றோம்" என்று சொன்னால் அது வங்கிக் கடனா, தனியார் நிதி நிறுவனக் கடனா என்று கேளுங்கள். நிதி நிறுவனம் என்றால் வட்டி கூட இருக்கும், சிலவற்றில் படிக்கும்போதே தவணை தொடங்கிவிடும். வங்கிக் கடனுக்கு ஏஜென்ட் தேவையே இல்லை. வித்யாலட்சுமி என்ற அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்துப் பிள்ளைகளே பதிந்து கொடுப்பார்கள். 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். தரவரிசையில் முன்னால் இருக்கிற நிறுவனங்களில் இடம் கிடைத்தால் ஈடும் ஜாமீனும் இல்லாத கடன், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை. உங்கள் வருமானத்துக்கு, அதாவது வருடம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, படிப்புக் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்கிற திட்டமும் உண்டு. ஆனால் அது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும்தான். சாதாரண பி.எஸ்சி.க்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நாற்பதாயிரம் சம்பளம் எங்கே இருக்கிறது?

இது பாப்பாவும் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி.

உயிரியலில் மூன்று வருடப் பட்டம் பாதி வழிதான். பி.காம். முடித்தவன் அடுத்த மாதம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்துவிடலாம், கம்ப்யூட்டர் படித்தவன் சென்னைக்கு பஸ் ஏறலாம். பயோடெக், மைக்ரோபயாலஜி, விலங்கியல், தாவரவியல் எதுவாக இருந்தாலும் பி.எஸ்சி.யோடு நின்றால் கிடைக்கிற வேலைகள் கிட்டத்தட்ட ஒன்றேதான்: மெடிக்கல் ரெப், மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை உதவியாளர், மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றிப் பதிகிற வேலை), தனியார் பள்ளி. என்னிடம் வருகிற பிள்ளைகள் முதல் வேலையில் வாங்குவதாகச் சொல்கிற தொகை 12,000 முதல் 18,000 வரை. கோடிங்கில் சான்றிதழ் தேர்வு எழுதியவர்கள் கொஞ்சம் கூட வாங்குகிறார்கள். நாற்பதாயிரம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் எம்.எஸ்சி.யோ ஆராய்ச்சியோ முடித்தவர்கள், இல்லையென்றால் நாலைந்து வருடம் ஒரே துறையில் நின்றவர்கள். பயோடெக் பட்டத்தில் இருக்கிற "டெக்" என்ற எழுத்துக்காக யாரும் கூடுதலாக ஐயாயிரம் தருவதில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலைக்குக்கூட லேப் டெக்னீஷியன் டிப்ளமோ கேட்கிறார்கள், பயோடெக் பட்டத்தை வைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்துகிறார்கள். எத்தனை பிள்ளைகள் இதை மூன்றாவது வருடம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 15,000 சம்பளம், 10,500 தவணை. மீதி 4,500. இதில் சென்னையிலோ பெங்களூரிலோ ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் போகுமா? போகாது. அப்போது தவணையை நீங்கள்தான் கட்டுவீர்கள், மல்லிகை விலை ஏறுகிற மார்கழி, தையில் கட்டுவீர்கள், பூ கொட்டிக் கிடந்து விலை விழுகிற கோடையில் கட்ட முடியாமல் திணறுவீர்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. தவணை கழுத்தை நெரிக்கிறபோது அவள் எம்.எஸ்சி. சேர மாட்டாள், போட்டித் தேர்வுக்கு ஒரு வருடம் உட்கார மாட்டாள், கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்வாள். பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியதாகிவிடும். உயிரியலில் பணம் இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கிறது, அந்த இரண்டாவது கட்டத்துக்குப் போகிற தெம்பை முதல் கட்டத்திலேயே கடனில் கரைத்துவிடக் கூடாது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான்.

கடன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. முதல் வேலையில் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ரொம்பப் போனால் கால் பங்கு, அதற்குள் தவணை அடங்குகிற அளவுக்குத்தான் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000க்கு 3,000, 3,750. இதே 15 வருடம், 10 சதவீதம் என்ற கணக்கில் தவணை தொடங்குகிற அன்று பாக்கி இரண்டே முக்கால், ரொம்பப் போனால் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், படிக்கும்போதே மாதா மாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டிச் சலுகையும் வங்கிகளில் உண்டு, மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கையிலேயே இருக்கிற ஏழரை

இப்போது சந்தோஷமான விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். "7.5 சதவீத இட ஒதுக்கீடு டாக்டர் சீட்டுக்குத்தானே, நீட் வராததால அதுவும் போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

போகவில்லை அம்மா. 2020ல் அது மருத்துவத்துக்கு வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் தனிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதில் சேரும். இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும். வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம் எதற்கும் நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான்.

பாப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த ஒரு விஷயத்தை இங்கேதான் சேர்த்துப் பார்க்கிறேன். மல்லிகை மொட்டைத் துளைக்கிற புழுவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் ஊசியால் ஓட்டை குத்தி, தினமும் இரண்டு மொட்டு உள்ளே போட்டு, எந்த நாளில் என்ன நிறமாக மாறியது என்று பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள் என்கிறீர்கள். விடிகாலையில் பூ எடுக்கப் போகும்போது ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் மொட்டைத் தேடினால் இவள் ஓட்டை விழுந்த மொட்டைத் தேடுகிறாள் என்று நீங்கள் கோபமாகத்தான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரியில் கண் நின்றுவிட்டது. இந்தப் பிள்ளைக்கு உயிரியல் வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அவள் அந்தப் பாட்டிலில் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் பூச்சியியல், அதை முறையாகச் சொல்லிக் கொடுக்கிற இடம் ஒத்தக்கடையில் ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது, 1965லிருந்து நடக்கிற வேளாண் கல்லூரி. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ஆண்டிப்பட்டி கணவாயைத் தாண்டினால் வந்துவிடும். தேனி வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

பி.எஸ்சி. விவசாயம், தோட்டக்கலை நான்கு வருடம். ஒரு வருடம் கூடுதல்தான். ஆனால் முடித்தவுடன் எழுதக்கூடிய தேர்வுகள் வேறு தரத்தில் இருக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி.யில் வேளாண், தோட்டக்கலை அலுவலர் பதவிகள் தனியாக இருக்கின்றன. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பதவிக்கு இந்த நான்கு வருடப் பட்டம்தான் தகுதி. நான் வேலை பார்த்த கிளைக்கே அப்படி வந்த ஒரு பெண், முதல் மாதச் சம்பளத்தில் அவளுடைய அப்பாவின் நகைக்கடனை அதே கவுன்ட்டரில் திருப்பினாள். விதை, உரக் கம்பெனிகளும் எடுக்கிறார்கள். பயோடெக்தான் வேண்டும் என்று பாப்பா பிடிவாதமாக இருந்தால், கணக்கு படித்திருப்பதால் பொறியியல் கலந்தாய்வில் பி.டெக். பயோடெக்னாலஜிக்கும் இதே 7.5ல் போட்டியிடலாம். அதற்கும் கடன் தேவைப்படாது. வேலை விஷயத்தில் பி.டெக்.கும் எனக்கு அவ்வளவு நிம்மதி தரவில்லை, ஆனால் கடனில்லாமல் நான்கு வருடம் படித்தவளுக்கு அடுத்து என்ன என்று யோசிக்க நேரம் இருக்கும்.

538க்கு இடம் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், போட்டி கடுமையானது. விண்ணப்பம் போடாவிட்டால் கண்டிப்பாகக் கிடைக்காது. விண்ணப்பத்தில் அரசுப் பள்ளி ஒதுக்கீடு என்ற கட்டத்தில் டிக் அடிக்க மறந்துவிடுகிற பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள். இ-சேவை மையத்தில் அவசரத்தில் அடித்துவிடுவார்கள். சமர்ப்பிப்பதற்கு முன்னால் அந்த ஒரு கட்டத்தை நீங்களே ஒருமுறை திரையில் பாருங்கள்.

விலங்கியல் என்றால் கேவலமா?

அதிலும் இடம் கிடைக்கவில்லை என்றால் மதுரை விலங்கியல். ஊரில் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கிறவர்கள் தவணை கட்டப் போவதில்லை.

அரசுக் கல்லூரி என்றால் இளநிலைக்குப் படிப்புக் கட்டணமே கிடையாது, மற்ற கட்டணங்கள் வருடத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகிற பிள்ளைகள் நிறைய. உதவி பெறும் கல்லூரிகளில் சேர்ப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே வளாகத்தில் எய்டட் என்று ஒன்று, எஸ்.எஃப். என்று ஒன்று இருக்கும். எஸ்.எஃப். என்றால் சுயநிதி, கட்டணம் பல மடங்கு. பழைய பாடங்களான விலங்கியல், தாவரவியல் பெரும்பாலும் எய்டடில் இருக்கும், பயோடெக், மைக்ரோபயாலஜி பெரும்பாலும் எஸ்.எஃப்.பில் இருக்கும். பெயர் புதிதாக இருக்கிறது என்று அதிகம் கட்டி உள்ளே போனால், அடிப்படைப் பாடங்கள் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். சேர்க்கைப் படிவத்தில் எய்டடா என்று கேட்டு எழுதுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பாப்பாவின் வங்கிக் கணக்கில் வரும். மூன்று வருடத்துக்கு 36,000. பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அது போதும். ஆக மொத்தம், மூன்று வருடம் கழித்து அவள் கையில் ஒரு பட்டம் இருக்கும், உங்கள் தலையில் ஒரு ரூபாய் கடன் இருக்காது.

அப்புறம் இரண்டாவது கட்டம். விலங்கியல் முடித்தவர்கள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்குப் போகலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. கேட்-பி என்று ஒரு தேசிய நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு நடக்கிற எம்.எஸ்சி. இடங்கள், மாதா மாதம் உதவித்தொகையோடு. நாகமலைக்கு அந்தப் பக்கம் நம்முடைய காமராசர் பல்கலைக்கழகத்திலேயே அந்தப் படிப்பு இருக்கிறது, உங்கள் ஊர் பஸ் செக்கானூரணி தாண்டி மதுரைக்குள் நுழைகிற வழியில். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு. எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், 2023லிருந்து இந்தத் தொகை. ஏஜென்ட் சொன்ன நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள், கடன் வாங்காமலேயே. இது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வருடம் முழுக்க உட்கார்ந்து படித்தும் இரண்டு மூன்று தடவை எழுதியவர்களைத் தெரியும். கிடைக்காவிட்டால் பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு, குரூப் 2, வங்கித் தேர்வு என்று எந்தப் பட்டத்துக்கும் திறந்திருக்கிற கதவுகள் விலங்கியலுக்கும் திறந்திருக்கின்றன. அந்த இரண்டாவது கட்டத்தில் ஒன்றிரண்டு லட்சம் கடன் தேவைப்பட்டால் தயங்காமல் வாங்குங்கள், அப்போது எதற்கு வாங்குகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும்.

உடனடியாகச் சம்பாத்தியம் வேண்டும் என்கிற நிலை வீட்டில் இருந்தால் வேறு பேச்சு. மதுரை மருத்துவக் கல்லூரியில் பாராமெடிக்கல் படிப்புகள் இருக்கின்றன. அரவிந்த் கண் மருத்துவமனையில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள், எத்தனையோ வீடுகள் அதனால் நிமிர்ந்திருக்கின்றன. ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பாப்பாவுக்கு நோயாளிகளைவிடப் புழு பூச்சிகள் மீதுதான் மனம் போகிறது, அதனால் இதை மூன்றாவது வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட்டை நேரடியாகப் பகைத்துக்கொள்ள வேண்டாம். சொந்தக்காரர் வழியாக வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "போன வருஷம் இதே பயோடெக் முடிச்ச அஞ்சு பிள்ளைக போன் நம்பர் குடுங்க, என்ன வேலை, என்ன சம்பளம்னு நாங்களே பேசிக்கிறோம்." போஸ்டரில் இருக்கிற படங்கள் வேண்டாம், அவற்றில் பாதிப் பேர் கால் சென்டரிலோ கடன் வசூல் வேலையிலோ இருப்பார்கள், அதையும் பிளேஸ்மென்ட் என்றுதான் எழுதுவார்கள். நம்பர் கொடுத்தால் பாப்பாவையே பேசச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வாங்குங்கள். இ-சேவையில் வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டும் இப்போதைய தேதியில் இருக்கிறதா பாருங்கள். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் சேர்த்து விண்ணப்பியுங்கள், எங்காவது உதவும். வேளாண் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், பொறியியல் கலந்தாய்வு, அரசுக் கலைக் கல்லூரி, நான்குக்கும் கடைசித் தேதி தனித்தனியாக இருக்கும், இன்றைக்கே பாப்பாவை போனில் பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான்கிலும் போடட்டும். விண்ணப்பச் செலவு எல்லாம் சேர்த்தாலும் அந்த ஐம்பதாயிரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கலந்தாய்வு ரேங்க் வந்ததும் பொது ரேங்க், 7.5 ரேங்க் இரண்டையும் எழுதி அனுப்புங்கள். எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்பதைப் பாப்பாவோடு சேர்த்து உட்கார்ந்து பார்த்துவிடலாம். வரும்போது அந்தக் கணக்கு நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.